கூவும் கை

அந்த அலுவலகக் கட்டடத்தின் வாசல் காவலாளியை எல்லாரும் 'கம்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நின்றே சம்பாதித்த பெயர். காவலாளி உட்காரக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை அவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துதான் போட்டார்.

கம்பத்துக்குச் சர்க்கரை நோய். இடது மேற்கையின் பின்புறம் வில்லை மாதிரி ஒரு சென்சார் ஒட்டியிருந்தது. சர்க்கரை அளவை அவருடைய போனுக்கும் மனைவியின் போனுக்கும் ஓயாமல் அனுப்பும். அளவு இறங்கினால் இரண்டு போனும் கூவும்.

மதியமானால் போதும், கூவல்தான். மனைவி உடனே அழைப்பார்.

"என்னங்க, இறங்குது! ஜூஸக் குடிங்க!"

குடிப்பார். சற்று நேரத்தில் அளவு எகிறி, போன் வேறு சுருதியில் கூவும்.

"ஏங்க, ஏறுது! யாரு உங்கள அவ்வளவு குடிக்கச் சொன்னது?"

"கண்ணு பட்டிருக்கு மாமா" என்றார் மைத்துனர். ஒரு காவலாளியின் சம்பளத்தைப் பார்த்து யாருக்கு வயிறு எரியும்?

மேனேஜருக்குத்தான் எரிந்தது. "இது ஆபீஸா, கோழிப்பண்ணையா? இன்னொரு தடவ கூவுச்சுன்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

வேலை போய்விடும் என்ற பயத்தில் கம்பம் மனைவியோடு கிளினிக்குக்கு ஓடினார். நர்ஸ் கேட்டார்: "கூவினதும் விரல்ல குத்திப் பாத்தீங்களா?"

"அதான் கூவுதே, அப்புறம் எதுக்கும்மா குத்தணும்?"

"எதுமேலயாவது சாய்வீங்களா?"

"கால் கடுத்தா வாசல் தூண்ல..."

"எந்தக் கை?"

கம்பம் இடது கையைத் தூக்கினார். நர்ஸ் சிரித்துவிட்டார். சென்சார் அமுங்கினால் இல்லாத இறக்கத்தைக் காட்டுமாம். கண்ணேறும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை, தூண்தான்.

மறுநாள் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வாசலில் வந்து இறங்கினார். மேனேஜர் பாய்ந்து வந்தார். "தூண்ல கை அமுங்கினாத்தான் போன் கூவுதாம் சார், அதான் நாற்காலி" என்றார் மனைவி.

"நாற்காலியா? நேரா நிக்கத் தெரியாதா? இப்படி நில்லுய்யா!"

சொல்லிவிட்டுக் கம்பத்தின் பக்கத்தில் விறைப்பாக நின்று காட்டினார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஒரு கார் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. மேனேஜரின் தோள் மெல்ல மெல்லத் தூணைத் தேடிப் போனது.

"சார், உங்க கையில இந்த சென்சார் இருந்திருந்தா இப்ப கூவியிருக்கும்" என்றார் மனைவி.

உள்ளே நுழைந்துகொண்டிருந்த ஊழியர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேனேஜர் சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மழை வந்தா நாற்காலிய உள்ள எடுத்துப் போடச் சொல்லுங்க" என்று முணுமுணுத்துவிட்டு லிப்டுக்குள் புகுந்தார்.