கொசுறு கட்டிய சுவர்

கட்டுமானக் குழுவில் அவனைக் கொசுறு என்றே கூப்பிட்டார்கள். வரைபடம் ஒரு திருகு கேட்கும் இடத்தில் அவன் இரண்டு போடுவான். யாரும் சொல்லி அல்ல, கை தாராளம். மெல்லிய இரும்புத் தகட்டைச் சூடாக்காமல் மடித்துச் செய்த சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் போர்டை வைத்துத் திருகி முடித்தால் சுவர். செங்கல் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தகர டப்பா. அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் அவன் கூடுதலாகத் திருகினான்.

நிலநடுக்கத்தைப் போலவே கட்டடத்தை ஆட்டிப் பார்க்கும் மேடை ஒன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதன்மேல் இரண்டு மாடி வீடு கட்டித் தரும் வேலை அவன் குழுவுக்கு வந்தது. கீழ்த்தளச் சுவர்கள் முழுக்க அவன் கைவேலை. போர்டு ஏறியதும் பூச்சுக்காரர்கள் வந்து திருகுத் தலைகளை மூடிவிட்டார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆட்டிய அன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தான். முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வீடு தாங்கி நின்றது. மூன்றாவதில், மூலையில் நின்ற இரும்புக்கால் அடியில் நசுங்கி மடங்கியது. மேலே கட்டியிருந்த பாதுகாப்புச் சங்கிலி இழுத்துப் பிடித்திராவிட்டால் வீடு சாய்ந்திருக்கும். போர்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

அதைப் பார்த்து அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். இன்ஜினியர் அம்மா ஒரு போர்டைச் சுரண்டித் திருகுகளைப் பார்த்தார்.

"இது யார் வேலை?"

"நான்தான் மேடம். பலமா இருக்கட்டும்னு."

"பலமாத்தான் இருக்கு. அதுதான் தப்பு. ஆடும்போது திருகு அசையணும். போர்டைக் கிழிச்சுக்கிட்டு அது அடி வாங்கிக்கணும். கிழிஞ்ச போர்டை நாளைக்கு மாத்திக்கலாம். நீங்க அதை அசையவே விடல. அடி மொத்தமும் மூலைக்காலுக்குப் போயிடுச்சு. கால் போனா வீடு போச்சு."

அவன் தலையாட்டினான். பிறகு, "கட்டி முடிச்ச வீட்டுல இத எப்படிச் சரி பண்றது மேடம்?" என்றான்.

"யார் வீடு?"

"எங்க அக்கா வீடு. அங்கயும் நான்தான் இப்படித் திருகினேன்."

அவர் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு மூலையையும் திறந்து, காலோடு இன்னொரு காலைச் சேர்த்து, அடியில் அஸ்திவாரத்தோடு பெரிய போல்ட்டால் கட்ட வேண்டும்.

அக்கா வீடு சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத புது வீடு. விஷயத்தைக் கேட்டதும் அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தகர டப்பாங்கிறாங்கடான்னு நான் சொன்னப்போ, 'யானை முட்டினாலும் அசையாதுக்கா'ன்னு சொன்னது நீதானே?"

"அசையாததுதான்க்கா பிரச்சன."

உள்ளேயிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார். "ஸ்க்ரூ கழண்டவங்கள நிறையப் பாத்திருக்கேன் மாப்பிள்ள. கூடிப்போனவன இப்பத்தான் பாக்குறேன்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா. தம்பி பக்கம் திரும்பி, "இதுவரைக்கும் இங்க பூமி ஆடிருக்கா?" என்றாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஆடிருக்கு. மறுபடி எப்பன்னு யாருக்கும் தெரியாது. நான் அந்தக் கால் மடங்கினதப் பாத்தேன்க்கா. உக்காந்து எந்திரிக்கிற நேரம்கூட ஆகல."

அக்கா கதவை விட்டு விலகினாள். "மொதல்ல பிள்ளைங்க படுக்கிற ரூம். ஹாலெல்லாம் அப்புறம்."

கட்டிலை நகர்த்தி, மூலைப் போர்டை அறுத்து எடுத்தான். உள்ளே கால் நேராக, பளபளவென்று நின்றது.

"நல்லாத்தானேடா இருக்கு?"

"அங்கயும் மூணாவது ஆட்டம் வரைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அவள் புதுக் காலின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.