கஞ்சிக்கு உப்பு

எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பாய்க்கு மருதாணி பூசிய தாடி. உப்பை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுவார், நோன்பு முறியாது. இந்த வருஷம்தான் எதிரே ஜரிகைக் கடையில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினார்.

"உனக்குத்தான் நோன்பு இல்லையேப்பா, உப்பு பாரு."

தினமும் பார்த்துச் சொன்னேன்.

பெருநாளன்று பிரியாணி மசாலாவுக்கும் என்னையே கூப்பிட்டார்.

"இன்னிக்கு உங்களுக்கும் நோன்பு இல்லையே பாய்?"

சுற்றிலும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். நாக்கின் ஓரம் வெள்ளையாகத் தடித்து, நடுவில் புண்.

"காரம் பட்டா உயிர் போவுது. உப்பு தெரியவே மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட காட்னீங்களா?"

"நாக்க வெட்டணும்னு சொல்லிட்டா? மொதல்ல உப்பு சொல்லுப்பா."

அந்தப் புண்ணே கண்ணில் நிற்க, மசாலாவை வாயில் வைத்தேன். எனக்கும் உப்பு தெரியவில்லை.