மணக்காத பூக்களின் மலை

மலைக்குப் போகிறோம் என்று மட்டும்தான் என் கணவர் சொல்லியிருந்தார். அங்கே ஒரு பூந்தோட்டம் இருப்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே அவளுக்கு வீசிங் வர ஆரம்பித்திருந்தது. நெஞ்சுக்குள் யாரோ சின்ன விசில் ஊதுவது போலச் சத்தம் கேட்கும். விலாவின் கீழே குழி விழும். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, "எதனால வருதுன்னு கவனிச்சு எழுதி வைங்க" என்றார். எழுதச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? அன்றைக்கே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, கிழமை, நேரம், சாப்பிட்டது, போன இடம், காரணம் என்று ஆறு கட்டம் கட்டினேன். எம்.எஸ்சி. படித்தது அதற்காவது உதவட்டும் என்று நினைத்தேன்.

காரணக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும். 'பூ?'

எங்கள் வீட்டில் பூதான் சோறு. சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு ஏக்கரில் மல்லி போட்டிருக்கிறோம். விடியும் முன்பே மொட்டு எடுத்து, ஈரத்துணியில் பொதிந்து, என் கணவர் பைக்கில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். அப்படிப்பட்ட வீட்டில் நான் பூவைத் தடை செய்தேன். மகள் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது. சாமி படத்துக்குக்கூட வெள்ளிக்கிழமை மட்டும்தான், அதுவும் ஒரு முழம். நானும் தலையில் பூ வைப்பதை விட்டேன். கல்யாண வீடுகளில் என் வெறும் பின்னலைப் பார்த்துவிட்டுச் சிலர் என்னவெல்லாமோ நினைத்தார்கள். அதன் பிறகும் வீசிங் வந்தது. அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டி, புறவாசலிலேயே சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மாற்றிக்கொண்டார். அந்தப் பேசாமை எனக்குச் சம்மதமாகத் தெரிந்தது.

ஆவணி முடியும் நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கிளம்பினோம். அன்றைய பூவைச் சந்தைக்குக் கொண்டுபோக அவர் ஆள் சொல்லிவிட்டார். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஊர்ந்தோம். கடையநல்லூரில் அவருடைய அக்கா ஏறிக்கொண்டாள். எனக்கு மதினி. அவள் ஏறியதும் கார் நிறைந்தது. ஆள் ஒருத்திதான், பேச்சு நாலு பேருக்கு உண்டு.

"ஏட்டி, பிள்ளைய இப்பிடிப் பொத்திப் பொத்தி வச்சா அது என்ன செய்யும்? கண்ணாடிய இறக்கு. காத்து வரட்டும்."

"தூசி மதினி."

"தூசிக்குப் பயந்தா நம்ம ஊருல நீ மூச்சே விட முடியாது."

செங்கோட்டை தாண்டிக் கணவாய் ஏறிக் கேரளாவுக்குள் போனதும் வெயில் கழன்று விழுந்தது. அதற்கு மேல் மூன்று மணி நேரம் வளைந்து வளைந்து ஏறினோம். மரங்கள் ரோட்டின் மேல் கைகோத்து நின்றன. மகள் என் மடியில் தூங்கினாள். அவள் தூங்கும்போது மூச்சை எண்ணுவது என் வழக்கம். போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவேன். அன்றும் எண்ணினேன். இருபத்தாறு. சரியாகத்தான் இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

கார் நின்ற இடத்தில் ஒரு வளைவும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலும் இருந்தன. வளைவில் பூக்களாக வரைந்திருந்தார்கள்.

"ஏங்க, இது என்ன இடம்?"

"பூந்தோட்டம்" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "அக்காதான் பாக்கணும்னா."

"ஏலே, என் தலையில போடாத. நீதானல போன்ல காட்டுன?"

நாங்கள் இரண்டு பேரும் காரிலேயே இருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் இறங்கி மதினியின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரம் வந்து ஒரு குழந்தையைக் கார் கண்ணாடி வழியாக மலையைப் பார்க்க வைப்பதா என்று ஒரு மனம் சொன்னது. இங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று இன்னொரு மனம் கேட்டது. கடைசியில் அவளுக்கு மாஸ்க் மாட்டிவிட்டு, பையில் இன்ஹேலரும் அதை மாட்டும் பிளாஸ்டிக் குழலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்தேன்.

உள்ளே பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. தோட்டம் மலைச்சரிவில் படிப்படியாக மேலே போயிற்று. ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு படிகளுக்கு மேல் தெரியவில்லை. நடக்க நடக்கத்தான் பூக்கள் வந்தன. முதலில் ஒரு மங்கிய சிவப்பு. பக்கத்தில் போனால் அது தட்டு அகல டேலியா. நீலம் என்று நினைத்தது கிட்டத்தில் ஊதாவாக மாறியது. நடந்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் வந்த வழிப் பூக்கள் இல்லை. எங்கள் காலடிச் சத்தமே யாரோ தூரத்தில் நடப்பது போலக் கேட்டது. எனக்கு எப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற பட்டியல் எந்த நேரத்தில் நின்றது என்று தெரியவில்லை. மருந்து, நேரம், ஸ்வெட்டர், வெந்நீர் ஃபிளாஸ்க். எல்லாம் கொஞ்ச நேரம் மஞ்சுக்குள் போய்விட்டன.

மதினி மட்டும் மயங்கவில்லை. ஒரு மஞ்சள் செண்டுமல்லிப் பாத்தி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இது நம்ம ஊரு கேந்திலா! இதப் பாக்கவா விடியக்காலம் குளிச்சிட்டு வந்தேன்?"

அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணாச்சி, இது கிலோ என்ன வெல போவுது?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "விற்கான் அல்ல சேச்சி. காணான் மாத்ரம்."

"பாக்கதுக்கு மட்டுமாம்" என்று என் கணவரிடம் வியந்தாள். "வாடிப் போறத அப்பிடியே விட்டுருவாவளாம். எவ்வளவு பூ, வீணா!"

நான் சிரித்துவிட்டேன். பிறகு இன்ஹேலர் ஞாபகம் வந்தது. வாசலில் பார்த்தேன்தான், ஆனால் தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது விழுந்திருந்தால்? மகளின் கையை விட்டுவிட்டுப் பையைத் திறந்து கிளறினேன். இருந்தது. நிமிர்ந்தேன். மகள் இல்லை.

மஞ்சில் ஒரு குழந்தை மறைவதற்கு நாலு எட்டு போதும். கூப்பிட்டேன். என் குரல் நனைந்த துணி போலப் பக்கத்திலேயே விழுந்தது. அவர் ஒரு பக்கம் ஓட, நான் படியேறினேன். கல்லெல்லாம் ஈரம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. அவர் இரண்டு நிமிடம் என்கிறார்.

மூன்றாவது படியில், கண்ணாடிக் கூரை போட்ட கூடத்தின் வாசலில் அவள் இருந்தாள். மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது. ஒரு ரோஜாவுக்குள் மூக்கை முழுதாக நுழைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தாள். அடுத்த பூவுக்குப் போனாள். அதிலும் இழுத்தாள். பெரிய மனுஷி மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். மூக்கு நுனியெல்லாம் மஞ்சள் பொடி.

நான் அவளை வாரி எடுத்து, நெஞ்சில் காதை வைத்தேன். விசில் இல்லை. ஓடி வந்த என் மூச்சுதான் இரைந்தது.

"அம்மா, இதுல ஒண்ணுமே மணக்கல" என்றாள் அவள். "நம்ம பூ மாதிரி இல்ல."

"நம்ம பூ எப்பிடி மணக்கும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தோட்டத்துல மணக்குமே. அப்பாகூட வண்டில போவேம்லா. நான் பூவ மடியில வச்சிக்கிடுவேன்."

அவர் அப்போதுதான் மூச்சு வாங்க வந்து நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு டேலியாவை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"சித்திரையில இருந்து. வாரத்துல ரெண்டு மூணு நாளு. நீ ராத்திரி முழுக்க முழிச்சிட்டு விடியக்காலம்தான் அசந்து தூங்குவ. அவ முழிச்சிக்கிட்டு அழுதான்னா உன் தூக்கம் கெட்டுரும்னு தூக்கிட்டுப் போனேன். அவளுக்கு ஒண்ணும் செய்யல. நானும் பயந்து பயந்துதான் பாத்தேன். ஒரு நாளும் ஒண்ணும் செய்யல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விடுவியா?"

விட்டிருக்க மாட்டேன். அதனால் கோபம் இன்னும் கூடியது. ஐந்து மாதமாக என் குழந்தை மல்லி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் இவருடைய சட்டையைப் புறவாசலில் கழற்றவைத்திருக்கிறேன். பின்னாலேயே வந்திருந்த மதினி மெதுவாக, "பேசாம வா ஏட்டி. பிள்ள நல்லா இருக்குல்லா" என்று என் முழங்கையைப் பிடித்தாள். மீதித் தோட்டத்தை யாரோ கனவில் நடத்திக்கொண்டு போவது போல நடந்தேன். மகள் ஒவ்வொரு பூவாக முகர்ந்து, ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்துகொண்டே வந்தாள். நான் மாஸ்க்கை மேலே ஏற்றிவிடவில்லை. பூ இல்லையென்றால் பிறகு எது? எனக்கு ஒரு காரணம் இருந்தது. அது போனதும் எல்லாமே காரணமாகிவிடும் போலிருந்தது.

நாலு மணிக்கெல்லாம் மலை இருட்டிவிட்டது. வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரம்மா விளக்கேற்றி, கொசுவுக்கோ சாமிக்கோ, ஒரு தட்டில் நெருப்புக் கங்கு வைத்து அதில் சாம்பிராணியைத் தூவினார். வெள்ளைப் புகை பெஞ்சுகளுக்கு நடுவே சோம்பலாக வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த நாளில் முதல் தடவையாக வீட்டில் இருப்பது போல இருந்தது.

"அம்மா, தலைக்கு ஊத்துற அன்னைக்கு மணக்குமே, அது" என்றாள் மகள்.

அடுத்து இருமினாள். இன்னொரு இருமல். பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த விசில்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் குழலை மாட்டி நீட்டினார். மருந்தை இரண்டு தடவை அழுத்திக் கொடுத்தேன். அந்த வேலையில் மட்டும் எனக்குச் சந்தேகமே வராது. ரோட்டோரம் குளிர்ந்த காற்றில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இருபது நிமிடத்தில் விசில் அடங்கியது. அவள் பிஸ்கட் கேட்டாள்.

காரில் ஏறியதும் பையிலிருந்து நோட்டை எடுத்து, போன் வெளிச்சத்தில் கிழமைக் கட்டத்தை மட்டும் படித்தேன். வெள்ளி. வெள்ளி. சனி விடியற்காலம். வெள்ளி. நடுவில் ஒரு செவ்வாய். அன்று ஏதோ பண்டிகை. வெள்ளிக்கிழமை அவள் தலைக்கு ஊற்றுகிற நாள். சளி பிடிக்கக் கூடாதே என்று, என் அம்மா எனக்குச் செய்தது போலவே, கங்கில் சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் அவள் முடியை விரித்து, நல்லா புகை ஏறட்டும் என்று பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் தவறியதில்லை. சாமிக்கு அந்த ஒரு முழம் பூ வாங்குவதும் அதே நாள்தான். இரண்டில் நான் பூவைப் பிடித்துக்கொண்டேன்.

நோட்டில் ஆறு கட்டம் கட்டியவளுக்குப் புகைக்கு ஒரு கட்டம் கட்டத் தோன்றவில்லை. நான் செய்வதில் தப்பு இருக்கலாம் என்று நாள் முழுக்க நினைக்கிறவள் நான். ஆனால் அந்த ஒன்றை மட்டும் நினைக்கவில்லை; அது அவ்வளவு நல்ல காரியமாக இருந்தது.

கண்டதை இருவரிடமும் சொன்னேன். முன் ஸீட்டிலிருந்து அவர் கண்ணாடியில் பார்த்தார். "ஏட்டி, அழுதியா? நீ வேணும்னேவா செஞ்ச?"

"எங்க வீட்டுப் பிள்ளையளுக்கு நானும் போட்டவதான்" என்றாள் மதினி. "யாரு கண்டா?" அதன் பிறகு கடையநல்லூர் வரை அவள் பேசவில்லை. அது அவளுக்குப் பெரிய காரியம்.

அந்த வாரம் டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். "இருக்கலாம். புகைய நிறுத்திப் பாருங்க. மருந்த மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். வெள்ளிக்கிழமை அவள் முடியைத் துண்டால் துவட்டி, மொட்டைமாடி வெயிலில் உட்காரவைத்தேன். கடமையில் பாதியை விட்டது போல உள்ளுக்குள் அரித்தது. அன்று இரவு விழித்திருந்தேன். சனிக்கிழமை நோட்டில் எழுத ஒன்றுமில்லை. அடுத்த சனியும் இல்லை.

மூன்றாவது ஞாயிறுக்கு முதல் நாள் அவரிடம், "காலைல என்னையும் எழுப்புங்க" என்றேன். அவர் எழுப்பினார். பைக்கில் முன்னால் மகள், பின்னால் நான், பையில் இன்ஹேலர். தோட்டத்தில் இன்னும் வெளுக்கவில்லை. செடிகள் தெரியவில்லை, மொட்டுகள் மட்டும் தெரிந்தன. ஒரு வருடமாக நான் முகராத மணம் முகத்தில் வந்து மோதியதும் எனக்குத்தான் மூச்சு நின்றது.

மகள் ஒரு மொட்டைக் கிள்ளி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "இதாம்மா."

அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். பிறகு குனிந்து, முடியைக் காட்டினேன். அவளுக்கு வைக்கத் தெரியவில்லை. மொட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது.