கலாவின் வெள்ளோட்டம்

வியாழன், காலை 6.30. தாசேக் கெலுகோர் ரயில் நிலையத்தில் நானும் கலாவும் நின்றிருந்தோம். இன்னும் விடியவில்லை. பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. கலா புதுச் செருப்பு போட்டிருந்தாள். நான் கையில் கடிகாரமும் மடித்த காகிதம் ஒன்றும் வைத்திருந்தேன். அந்தக் காகிதத்தில் இருந்தது நான் எழுதிய கால அட்டவணை.

போத்தனூர் நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் ஸ்டேஷனைப் பார்க்கும் கோளாறு எனக்கு உண்டு. மலேசியாவின் பினாங்குத் தீவில் இலகு ரயில் பாதை போடுகிறார்கள், அது ஜார்ஜ் டவுனோடு நிற்காமல் தீவின் தெற்குப் புறநகர்களுக்கும், கடலைத் தாண்டி இந்தப் பக்கத்துப் பட்டர்வொர்த்துக்கும் போகப் போகிறது என்று கேள்விப்பட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டேன். தங்க இடம் கொடுத்தவள் கலா. மருதமலைக்கு வந்தபோது ஒரு வாரம் என் வீட்டில் தங்கியவள்.

அவள் கடலின் இந்தப் பக்கம், பாலத்தடியில் உள்ள பிறையில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய பிரிவை மூடிவிட்டார்கள். இப்போது தீவில், பாயான் லெப்பாஸில், புது வேலை கிடைத்திருக்கிறது. காலை எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும். கணவர் ஜொகூர் வரை லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகள் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்து படிக்கிறாள், இந்த வருடம் பெரிய பரீட்சை. அவளைத் தனியே விட்டுவிட்டுத் தீவில் அறை எடுத்துத் தங்க முடியாது. வீட்டிலிருந்து தினமும் போய்வர முடிந்தால் வேலை உண்டு, முடியாவிட்டால் இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த வெள்ளோட்டம்.

"உன் மோட்டார் சைக்கிள்லயே போகலாமே, கடல் மேல பாலம் இருக்கே?" என்று முந்தின நாள் கேட்டேன்.

"பாலத்துல காத்து தள்ளுதுக்கா. ஒரு தடவை போய், பாதியில நிறுத்திட்டு அழுதேன். அதோட சரி, இனிமே முடியாதுலா."

அப்படியானால் ரயில், ஃபெரி, பேருந்து என்று முடிவெடுத்தேன். ரயில் இருபத்தெட்டு நிமிடம், ஃபெரி பன்னிரண்டு, பேருந்து நாற்பது. எட்டு இருபதுக்கு வாசலில் இருப்போம் என்று எழுதிக் கொடுத்தேன். ரயில்வேக்காரி போட்ட கணக்கு, யார் குறை சொல்வார்கள்?

காலை 6.52. ரயில் வந்தது. சுத்தமான பெட்டிகள், குளிரூட்டி, தள்ளுமுள்ளு இல்லாத கூட்டம். பாதிப் பேர் கழுத்தில் வேலை அட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். 7.20க்கு, ஒரு நிமிடம் பிசகாமல், பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நானே ஓட்டி வந்த மாதிரி.

காலை 7.40. நிலையத்திலிருந்து ஃபெரித் துறைக்கு நீண்ட நடைபாலம். அட்டவணையில் நான் நடைக்கு நேரமே ஒதுக்கவில்லை என்பது அங்கேதான் உறைத்தது. கட்டணம் ஆளுக்கு இரண்டு வெள்ளி, ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மேல்தளத்தில் நாங்கள் உட்கார்ந்தோம், கீழ்த்தளத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஏறின. வேலையில்லாமல் எண்ணினேன், நாற்பத்து மூன்று. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. வரிசையாக வந்து, வரிசையாக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டார்கள். இத்தனை ஒழுங்கான காலை நேரத்தை நான் எங்கும் கண்டதில்லை.

கலா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த இடத்துல ரயில் கடலைத் தாண்டி வருமாமே?"

"வரும். ரயிலை விட்டு இறங்கி அதே கூரைக்குக் கீழே அடுத்த ரயில். கப்பலும் வேண்டாம், பேருந்தும் வேண்டாம்."

"2031னு சொல்றாங்க. என் மக வேலைக்குப் போற நேரம் வந்துடும்" என்றாள். "எனக்கு இன்னைக்கு வேணும்க்கா."

காலை 8.08. தீவில் பேருந்து ஏறினோம். ஜார்ஜ் டவுனைக் கடக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு ஜெலுத்தோங், சுங்கை நிபோங் என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றது. எட்டரை ஆனபோது கலா என் கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பாயான் லெப்பாஸை நெருங்கும்போது நான் தேடி வந்த காட்சி தெரிந்தது. சாலையோரம் உயரமான தகரத் தடுப்புகள், உள்ளே தூண்களுக்குக் குழி தோண்டும் ராட்சத இயந்திரம். மண் ஏற்றிய லாரி ஒன்று வாசலில் நின்றது. இரண்டு பேர் தண்ணீர்க் குழாயால் அதன் சக்கரங்களைக் கழுவினார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் குனிந்து பார்த்த பிறகுதான் சாலைக்கு விட்டார்கள். எங்கள் ஊரில் மேம்பாலம் கட்டிய வருடங்களில் நான் தின்ற புழுதியை நினைத்தேன். முப்பது கிலோமீட்டர் பாதை, இருபத்தொரு நிலையம் என்று படித்தபோது வராத மதிப்பு, அந்தக் கழுவிய சக்கரத்தைப் பார்த்தபோது வந்தது.

காலை 9.07. தொழிற்சாலை வாசல். முப்பத்தேழு நிமிடம் தாமதம்.

"சரிக்கா, வேணாம்னு சொல்லிடுறேன்" என்றாள் கலா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எதிரே சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. அதை நடத்துபவர் மைமூன் என்ற தமிழ் முஸ்லிம் அம்மா. ஆளுக்கொரு தே தாரிக் தேநீரும் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விசாரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன், என் அட்டவணை உட்பட.

"பிறையிலதான் வேலை செஞ்சியா?" என்று கலாவைக் கேட்டார்.

"ஆமாக்கா. பத்தொன்பது வருஷம்."

"அதான். பிறை ஆளுங்க எல்லாம் இப்படித்தான். பாலம் கண்ணு முன்னாடியே நிக்குதா, தீவுக்கு வர வேற வழியே இல்லைன்னு நெனச்சுக்கிறாங்க. ஃபெரில மோட்டாரை ஏத்திட்டு வா லா. இங்க சாப்பிடுற பொண்ணுங்க பாதிப் பேரு அப்படித்தான் வர்றாங்க."

கலா தேநீரைக் கீழே வைத்தாள். "ஃபெரின்னா எங்களுக்கு ஞாயித்துக்கெழம மகளைக் கூட்டிட்டு ஜாலான் ஜாலான்னு சும்மா சுத்திப் பாக்கப் போறது. வேலைக்குப் போறதுன்னு தோணவே இல்லைக்கா" என்றாள் மெதுவாக.

காலடியில் ஏறிய நாற்பத்து மூன்று மோட்டாரையும் ஒவ்வொன்றாக எண்ணியவள் நான். எண்ணத் தெரிந்தது, யோசிக்கத் தெரியவில்லை. ரயில் பைத்தியத்தின் கண்ணுக்குத் தண்டவாளம் தவிர எதுவும் வழியாகத் தெரியாது போலிருக்கிறது.

கலா கடைக்காரரிடம் பேனா வாங்கி, என் காகிதத்தின் பின்பக்கத்தில் தானே எழுத ஆரம்பித்தாள். வீட்டிலிருந்து பட்டர்வொர்த் முப்பத்தைந்து நிமிடம். ஆறரை ஃபெரி, அது தவறினாலும் அடுத்ததில் நேரத்துக்குப் போய்விடலாம். மோட்டாருக்கு இரண்டரை வெள்ளி. இறங்கியதும் கடலோரச் சாலையில் நேராகத் தெற்கே, இருபத்தைந்து நிமிடம். மழை பெய்தால் என்று ஒரு வரி, அதற்கு எதிரே இன்னும் கால்மணி நேரம். நான் நிலையங்களை மட்டும் எழுதினேன், அவள் மழையையும் எழுதினாள்.

மாலை 4.40. பகலைத் தீவில் கழித்துவிட்டுத் திரும்பும் ஃபெரியில், இந்த முறை கீழ்த்தளத்துக்கு இறங்கும் படியருகே நின்று, மோட்டார்கள் எப்படி ஏறுகின்றன, எங்கே கட்டுகிறார்கள் என்று முழுதாகப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, மலாயில் நான்கே வாக்கியம் பேசினாள். வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க. மூணு மாசம் பாப்பாங்களாம். லேட்டா போனா வேலை போயிடும்."

திங்கள், காலை 5.15. மழை. சாதாரண மழையில்லை, கூரையைப் பெயர்த்துவிடும் மழை. முதல் நாளே இப்படியா என்று நான்தான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கலா மஞ்சள் மழைக்கோட்டை மாட்டினாள், மகளின் போர்வையைச் சரிசெய்தாள், எழுதி வைத்ததைவிடக் கால்மணி முன்னதாகவே கிளம்பினாள். "பத்திரமா ஊருக்குப் போங்கக்கா" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மதியம் எனக்கு விமானம்.

காலை 7.15. வாடகைக் கார். விமான நிலையத்துக்கு அறுபத்தைந்து வெள்ளி. மழை விட்டிருந்தது. ஓட்டுநர் ஒரு தமிழர். பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது.

"ரயில் வந்தா உங்க தொழில் என்ன ஆகும் அண்ணே?"

"ஏர்போர்ட் சவாரி கொறையும்தான். ஆனா இந்த ஜாம்ல நான் ஒக்காந்தது போதும்மா. ஆயர் ஈத்தாம் பக்கமும் போடணும், எங்க வீடு அங்கதான்" என்றார்.

எங்கள் கோவையிலும் மெட்ரோ வரைபடம் இருக்கிறது. அது வந்தால் எத்தனை ரூபாய் டிக்கெட் என்றுதான் நாங்கள் சண்டை போடுகிறோம். எங்கே இறங்குவது, அங்கிருந்து எப்படிப் போவது, மழை வந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இங்கே தூண் எழும்பும் முன்பே ஜனங்கள் தங்கள் பாதையை எழுதிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ரயில் அவர்களிடம் வந்து சேரும்.

காலை 8.50. பாயான் லெப்பாஸ். விமான நிலையமும் இங்கேதான். அந்தத் தகரத் தடுப்பு தெரிந்ததும் மனது கேட்கவில்லை. "அண்ணே, அந்த ஃபேக்டரி வாசல்ல ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க."

மோட்டார் கொட்டகை வேலிக்கு வெளியே, சாலையை ஒட்டியே இருந்தது. நூறு வண்டிக்கு மேல் நின்றன. மூன்றாவது வரிசையில், கைப்பிடியில் தொங்கிய மஞ்சள் மழைக்கோட்டை முதலில் பார்த்தேன். அதிலிருந்து தண்ணீர் சொட்டுவது எப்போதோ நின்றிருந்தது. குனிந்து இஞ்சினில் கை வைத்தேன். நன்றாக ஆறியிருந்தது. வந்து சேர்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காவலாளி ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஃப்ளைட்டுக்கு லேட்டாகுதும்மா" என்றார் ஓட்டுநர் காருக்குள்ளிருந்து.

"நான் லேட்டானா பரவாயில்லை அண்ணே" என்றேன். இருபத்தெட்டு வருடம் கவுண்டரில் இருந்தவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.