மேலே நின்று பார்த்தவள்

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மறுவாரம் நான் என்னை விட்டு வெளியே போனேன். கரும்புக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது, வரப்போரத்து வேம்பின் உயரத்திலிருந்து என் முதுகே எனக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. வெட்டுகிறாள், வெட்டட்டும் என்றிருந்தது.

கைப்பிள்ளை காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் நான் கண் மூடவில்லை. அது போன பிறகும் தூக்கம் வரவில்லை. தூங்காத உடம்பும் தாங்காத மனசும் சேர்ந்தால் இப்படித் தோன்றும் என்று பல வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் சொன்னார். அப்போது சொல்ல ஆளில்லை. ஆறு வயது மகள் மடியில் வந்து படுத்தால்கூட, யார் பெற்றதோ என்று மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகவாவது நான் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். வழிதான் தெரியவில்லை.

ஊருக்கு வேறு குறை. "பெத்த புள்ள போயிருக்குது, ஒரு சொட்டு கண்ணீர் வுடலியே. இது அவ இல்ல, வேற எவளோ வந்து குந்திகினு இருக்கா," என்றாள் நாத்தனார். அவளுக்கு என்மேல் பிரியம் ஜாஸ்தி. அதனால்தான் சும்மா விடவில்லை. என்னையும் மகளையும் பஸ் ஏற்றி, கல்வராயன் மலையில் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனாள்.

அவர் உடுக்கை அடித்தார். "யாருடி நீ? பேரச் சொல்லு."

வெளியே போனவளைத் தேடாமல், உள்ளே வந்தவளைத் தேடினார்கள். வேப்பிலை அடி முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம் என்று, எங்கள் தெருவில் கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தியின் பெயரைச் சொல்லிவைத்தேன். எல்லாருக்கும் திருப்தி. என் உச்சிமயிரில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். மகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அவள் அத்தை மடியில்தான் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தும் என் பக்கம் வரவில்லை. எனக்கு அதுவும் உறைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்:

"பேய்தான் போயிடுச்சே. எங்கம்மா ஏன் இன்னும் வர்ல?"

அந்தக் குரல் மேலே நின்றவளுக்கு இல்லை, என் காதுக்குள்ளேயே கேட்டது. கரண்டி சுட்டது. வாயைப் பொத்திப் பார்த்தேன், முடியவில்லை. செத்த பிள்ளைக்காக அன்றுதான் அழுதேன், தரையில் விழுந்து.

மகள் தெருவில் ஓடினாள்.

"அத்த, சீக்கிரம் வா. அது மறுபடியும் வந்துடுச்சி."