நான் பிய்த்துப் போட்ட பிளாஸ்டர்கள்

போன வருடக் கடைசியில், பள்ளி விடுமுறை தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இது நடந்தது. நான் கிள்ளானில் அறையைக் குளிராக்கும் ஏர்கோன்களைக் கழுவிப் பழுதுபார்க்கிறவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. என் பிள்ளைகள் இருவரும், "அப்பா, அந்த பிளாஸ்டர் கதையை எழுதுங்க" என்று நச்சரித்ததால் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஏணி ஏறி ஏறி எனக்கு அடிக்கடி இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்த மாடியில் மசாஜ் செய்கிற அண்ணன் ஒருவரிடம் போவேன். அவருக்குக் கண் தெரியாது. முப்பது வயதுக்கு மேல்தான் பார்வை போனது, அதனால் பிரெயிலும் சரியாகப் பழகவில்லை. கை மட்டும் இரும்பு.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை, அவர் போடுகிற பாட்டு. அந்தக் கால அமெரிக்க ஓப்பரா பாடகர்கள் பாடிப் பதிந்த கனமான கறுப்பு இசைத்தட்டுகள் நாற்பதுக்கு மேல் வைத்திருந்தார். சுபாங் ஜெயாவில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக வாங்கியதாம். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. முதலில் கரகரவென்று இரைச்சல், பிறகு அதற்குள்ளிருந்து ஓர் அம்மாள் வீறிடுவார். அவர் குரல் மேலே போகப் போக, அண்ணனின் கட்டைவிரல் என் முதுகில் கீழே போகும். கத்துவது அந்த அம்மாளா நானா என்று வெளியே காத்திருப்பவர்களுக்கே குழப்பமாக இருக்கும்.

அன்று அண்ணன் முகத்தில் ஒரே பூரிப்பு. மறுநாள் மூன்று மணிக்குப் பக்கத்துத் தெரு மண்டபத்தில் அவர் பேசப்போகிறார். ஏழு இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, பாடியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"மசாஜ்காரன்னு மட்டும்தானே பாஸ் என்னை எல்லாருக்கும் தெரியும்? நாளைக்கு நான் பேசுறத உக்காந்து கேப்பாங்க" என்றார்.

அவருடைய ஏர்கோன் சொட்டிக்கொண்டிருந்தது. "நீங்க சாப்பிட்டுட்டு வாங்கண்ணே, நான் கழுவி வைக்கிறேன்" என்று அனுப்பினேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கையில் ஈரத்துணி. மேசையில் அந்த இசைத்தட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓரம் சுருண்ட, அழுக்கேறிய பிளாஸ்டர் துண்டுகள், நாம் புண்ணுக்குப் போடுவோமே அதுதான். ஒன்றில் நேராக, ஒன்றில் குறுக்காக, ஒன்றில் மூன்று. நாளைக்கு நாலு பேர் பார்க்கப்போகிற பொருள் இப்படியா இருப்பது? எனக்குத்தான் அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காதே. உட்கார்ந்து நகத்தால் சுரண்டி எல்லாவற்றையும் பிய்த்தேன். துடைத்தேன். அழகாக அடுக்கியும் வைத்தேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அண்ணன் வந்து மேலே இருந்த தட்டைத் தடவினார். அடுத்தது. அதற்கடுத்தது.

"பாஸ், இதுல ஒட்டியிருந்தது எங்க?"

"ஒரே அழுக்குண்ணே. பிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல!" என்றேன், பெருமையாக.

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எது எந்தப் பாட்டு என்று விரலால் கண்டுபிடிக்க அவரே பல வருடமாக வைத்திருந்த அடையாளங்களாம் அவை. தப்பு என்னுடையதுதான். ஆனால் வாய் சும்மா இருந்ததா? "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே?" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

"நீங்க கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

லேபிளைப் படித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். பொடி எழுத்து, பாதி இத்தாலிய மொழி. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொன்னேன். "பாஸ், இது பாட்டா, கார் நம்பரா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு வழியே இல்லை, ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மசாஜுக்கு வந்திருந்தவர்களை இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார். நான் தட்டை வைப்பேன், அவர் கையைத் தூக்குவார். "இது இல்ல." சில தட்டுகளைப் பாட்டு தொடங்கும் முன், இரைச்சலை வைத்தே சொல்லிவிட்டார். எனக்கோ எல்லா வீறிடலும் ஒன்றுதான். தலை விண்ணென்று வலித்தது. யாரைத் திட்டுவது? பிய்த்தவன் நான்தானே!

ஐந்து மணிக்கு ஆறு கிடைத்துவிட்டன. ஏழாவதுதான் அவருக்கு உயிர். பாடியவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. அவர் நிறத்தவர்களை அமெரிக்காவில் பெரிய மேடைகளில் ஏற்றாத காலத்தில் பாடியதாம். அது கடைசிக்கு இரண்டு தட்டு முன்னால் வந்தது. அண்ணன் கையைத் தூக்கவில்லை, முழுப் பாட்டையும் ஓடவிட்டார். எனக்குப் பாட்டு புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நானும் கடைசிவரை கேட்டேன்.

கீழே ஓடி ஒரு பெட்டி பிளாஸ்டர் வாங்கி வந்தேன். அவர் சொல்லச் சொல்ல ஏழுக்கும் ஒட்டினேன்.

சனிக்கிழமை மனைவி பிள்ளைகளோடு கொமுட்டர் ரயிலில் போய் மண்டபத்தில் உட்கார்ந்தேன். ஆறு பாட்டும் சரியாகப் போயின. ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள். அண்ணன் கடைசித் தட்டைத் தடவிப் பார்த்து, பிளாஸ்டர் மேலே இருக்கும்படி வைத்து, "இப்ப நீங்க கேக்கப்போறது கண்ணீர் வர்ற ஒரு பிரார்த்தனை" என்றார்.

துள்ளிக் குதிக்கிற ஒரு பாட்டு வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம். அவசரத்தில் புரட்டி, தப்பான பக்கத்தில் ஒட்டித் தொலைத்திருக்கிறேன்!

"அப்பா, நீங்க ஒட்டுனதா?" என்று மகன் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டான்.

அண்ணன் பாட்டு முடியும்வரை காத்திருந்தார். "இது பின்பக்கம். நானே இதைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. இதை ஒட்டுன பாஸ் மூஞ்சி செவந்து இங்க எங்கயாச்சும் உக்காந்திருப்பாரு, பாத்து வச்சுக்குங்க" என்றார். சிரிப்பு அடங்கியதும் தட்டைத் திருப்பிப் போட்டார். அந்தப் பெண்மணி பாடத் தொடங்கியபோது ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை.

மீதித் தட்டுகளுக்கு ஒட்டி முடிக்க என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வீறிடல் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் என் மகளின் மேசை குப்பைமேடு மாதிரி இருக்கும், பார்த்தாலே எரிச்சல் வரும். துணியோடு போவேன், வாசலில் நிற்பேன், "இதெல்லாம் இங்கயே இருக்கணுமாம்மா?" என்று கேட்பேன். "ஆமா, தொடாதீங்கப்பா" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். உதவி செய்யத் துடிக்கிற கை எனக்கு இன்னும் இருக்கிறது பிள்ளைகளே, ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, அது நீளும் முன்னால் என் வாய் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறது.