பதினேழாம் நம்பர் ரத்தம்

ஆய்வகத்தில் அவருக்குக் காட்டேரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் அவர் தலை தெரிந்தால் போதும், எதிரே வருகிறவர்கள் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். காரணம் இருந்தது. சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்துக்கு அவருக்குப் பஞ்சமில்லை, பக்கத்துக் கட்டடமே ஆஸ்பத்திரி. பஞ்சமெல்லாம் நல்லாயிருக்கிறவர்களின் ரத்தத்துக்குத்தான். நோயாளியின் ரத்தம் கோணலாக நடக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், நேராக நடக்கிற ரத்தம் ஒன்று பக்கத்தில் வேண்டாமா? நன்றாக இருக்கிறவன் எதற்கு ஊசிக்குக் கை நீட்டப்போகிறான்?

ஆகவே காட்டேரி ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கணக்கரைப் பிடித்தார், வாசல் காவலரைப் பிடித்தார், லிப்ட் சரிசெய்ய வந்தவரைக்கூடப் பிடித்தார். அக்கா வீட்டுக்காரர் விருந்துக்கு வந்த இடத்தில், கை கழுவப் போனவரை வழிமறித்து, அத்தான் ஒரு சின்ன உதவி என்று ஆரம்பித்தார். அத்தான் மறுநாள் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எந்த விருந்துக்கும் அக்கா மட்டும்தான் வருகிறாள். கட்டிய கணவரும் தப்பவில்லை. அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பெண் பார்த்த அன்றே தன் கை நரம்பை அவள் உற்றுப் பார்த்ததாகவும், காதல் என்று நினைத்துத் தான் ஏமாந்துபோனதாகவும் வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

காட்டேரியின் உத்தியோகம் டி செல்களோடு. நம் ரத்தத்தில் சுற்றுகிற காவல்காரச் செல்கள் அவை. கிருமி வந்தால் அடித்துத் துரத்த வேண்டும், அதுதான் வேலை. சிலர் உடம்பில் அவற்றுக்குப் புத்தி கெட்டுப்போய், இன்சுலின் சுரக்கிற சொந்தச் செல்களையே எதிரி என்று நினைத்து அழிக்கின்றன. சர்க்கரை நோயில் ஒரு வகை இப்படித்தான் வருகிறது; வேலியே பயிரை மேய்கிற கதை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, ஆள் டாக்டரிடம் வருவதற்குள் பயிரில் பெரும்பகுதி காலி. மேய ஆரம்பித்தவுடனே வேலியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை.

முதலில் எலிகளோடு ஆறு வருஷம் போராடினார். எலிக்குச் சர்க்கரை நோய் வந்தால் கவலையே வேண்டாம், எதைக் கொடுத்தாலும் குணமாகிவிடும். அதே மருந்தை மனிதனுக்குக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. விரல்களில் கடி வாங்கியதுதான் மிச்சம். எலிகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மனித ரத்தத்துக்கு வந்தார். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட ஒரு தட்டில் வெள்ளையணுக்களை விட்டு, இன்சுலினின் ஒரு துணுக்கைச் சேர்த்து வைப்பார். அதைக் கண்டு கோபப்படுகிற டி செல் ஒவ்வொன்றும் ஒரு கரும்புள்ளி வைக்கும். நோயாளி என்றால் குழி நிறையப் புள்ளி. நல்லாயிருக்கிறவர் என்றால் குழி துடைத்துவிட்டாற்போல இருக்கும். சரியான துணுக்கைக் கண்டுபிடிப்பதற்குள் தலைமுடி பாதி நரைத்துவிட்டது. அதனாலென்ன, கண்டுபிடித்துவிட்டாரே! கட்டுரையும் எழுதியாயிற்று, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் பதினேழாம் நம்பர் குறுக்கே வந்து நின்றது. நல்லாயிருக்கிறவர் கூட்டத்தில் பதினேழாம் நம்பர் குழியில் மட்டும் மொய் மொய்யென்று புள்ளி. குழாயை மாற்றி வைத்துவிட்டாய் என்று ஆய்வு மாணவியை ஒரு பாட்டம் திட்டினார். எல்லோரையும் மறுபடி இழுத்துவந்து ரத்தம் எடுக்க வைத்தார். அப்போதும் அதே புள்ளி. மூன்றாம் முறையும் அப்படியே. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதாதா? நல்லாயிருக்கிறவரைக்கூட நோயாளி என்று காட்டுகிற சோதனையை எவன் மதிப்பான்?

ஒருத்தர்தானே மேடம், விட்டுவிடலாமே என்று மாணவி மெல்ல இழுத்தாள். காட்டேரி அவளை முறைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கும் அந்தச் சபலம் வந்து போனதுதான். ஆனால் காரணம் இல்லாமல் ஒருவரைத் தூக்குவது திருட்டு. நேர்மையான வழி ஒன்றுதான் இருந்தது. அந்த ஆளுக்கு உள்ளுக்குள் நோய் ஆரம்பித்திருக்க வேண்டும், இன்னும் வெளியே தெரியவில்லை. அதை நிரூபித்துவிட்டால் சோதனை தப்பில்லை என்று மட்டுமல்ல, யாருக்கும் முன்னால் மோப்பம் பிடித்தது என்றே ஆகிவிடும்.

ஆள் யார்? அது ரத்தம் எடுத்துக் குழாய்க்கு நம்பர் போடுகிற நர்ஸம்மாவுக்கு மட்டுமே தெரியும். புள்ளி எண்ணுகிறவருக்கு ரத்தம் யாருடையது என்று தெரியக்கூடாது என்பது விதி. விதியைப் போட்டவரே காட்டேரிதான். நயமாகக் கேட்டார், அதட்டிக் கேட்டார், நர்ஸம்மா மசியவில்லை. சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று கிளம்பினார் பாருங்கள், கட்டடமே சிரித்தது. யார் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறார்கள், யார் அடிக்கடி கழிவறைக்குப் போகிறார்கள், யார் திடீரென்று மெலிந்தார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கணக்கரின் தண்ணீர் பாட்டிலை நோட்டமிட்டார். அத்தானுக்கு இளைத்திருக்கிறதா என்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டார். வீட்டில் கணவர் தண்ணீர்க் குவளையைத் தொட்டால் போதும், இது எத்தனையாவது என்பார். கையுறையைக் கழற்றும்போது அதோடு தன் மோதிரமும் கழன்று வந்ததற்கு, லிப்ட் ஓடாததால் படியேறி உடம்பு இறங்கிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசியில் நெறிமுறைக் குழுவின் முன் போய் நின்றார். அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சோதிக்க அனுமதி வேண்டும் என்றார். நர்ஸம்மா அங்கே எதிர்த்துப் பேசினார். நிம்மதியாக இருக்கிற மனிதரைக் கூப்பிட்டு இப்படிச் சொன்னால் அன்றைக்கே அவர் தூக்கம் போய்விடும், அடியோடு தடுக்கிற மருந்தும் நம்மிடம் இல்லை, பின்னே எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. காட்டேரி கேட்டால்தானே!

"தெரிஞ்சிக்கிறதுக்கு யாராவது பயப்படுவாங்களா? எனக்கா இருந்தா மொத ஆளா வந்து கையை நீட்டுவேன்" என்றார் அவர்.

குழு அவர் பக்கம் சாய்ந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஆள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை நர்ஸம்மா அவர் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். காட்டேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன சிஸ்டர், அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லத்தான் வந்திருக்கேன், மேடம்."

பெயரைக் குறித்துக்கொள்ளக் காட்டேரி பேனாவை எடுத்தார். நர்ஸம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஆள் போதாத சமயத்தில் தன் ரத்தத்தையும் நல்லாயிருக்கிறவர் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வது எத்தனையோ வருஷத்துப் பழக்கம். தனக்குச் சளிகூடப் பிடிக்காது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர்.

"விருப்பமில்லேன்னா வேண்டாம்னு சொல்லலாம் மேடம். யாருக்கும் தெரியாது" என்றார் நர்ஸம்மா. அதில் குத்தல் ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது காட்டேரிக்கு.

நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மொத ஆளாக நீட்டுகிறேன் என்ற கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இந்த நோயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்தவர்கள்கூட அந்தக் கட்டடத்தில் இல்லை. கண்ணுக்கு என்ன ஆகும், சிறுநீரகத்துக்கு என்ன ஆகும், காலில் ஒரு சின்னக் காயம் பட்டால் என்ன ஆகும் என்று அவர் மேடை மேடையாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கட்டுரை குப்பைக்குப் போகும், அவ்வளவுதான். அன்று முழுவதும் அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியிலேயே இருந்தது. நர்ஸம்மா குழுவில் கேட்ட கேள்விக்குத் தன்னிடம் பதிலே இல்லை என்பதும் அன்றுதான் விளங்கியது. ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிடக்கூடாதே என்ற வீம்பில்தான், வேறு எந்த வீரத்திலும் இல்லை, நோயை உறுதிசெய்கிற வேறொரு சோதனைக்கு மறுநாள் போய்க் கையை நீட்டினார். நர்ஸம்மா வழக்கத்தைவிட மெதுவாகக் குத்தினார்.

முடிவு வந்த சாயங்காலம் நேரே கண்ணாடிக் கடைக்குப் போனார். வாடிக்கையாளர் யாருமில்லை. கணவர் ஒரு சட்டத்துக்குத் திருகாணி முறுக்கிக்கொண்டிருந்தார். பதினேழாம் நம்பர் தகராறு அவருக்கும் தெரியும்; எத்தனை குவளைத் தண்ணீருக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்!

"என் டெஸ்ட் சரிதாங்க" என்றார் காட்டேரி. "அந்த ஆளுக்கு நெஜமாவே நோய் இருக்கு. இப்பத்தான் ஆரம்பம். என் புள்ளி காட்டலேன்னா வேற சோதனை செஞ்சு பாக்கணும்னு யாருக்கும் தோணியிருக்காது."

கணவர் சட்டத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "அடி சக்கை! நான் தப்பிச்சேனா? யாரு, அத்தானா?"

"நான்தான்."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனிதர் மேஜையைச் சுற்றிவந்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் தேடிய ஆள், மேய ஆரம்பித்த வேலியோடு கையும் களவுமாகக் கிடைத்துவிட்டார். துள்ளிக் குதிக்க வேண்டிய நாள். காட்டேரிக்குப் பயமாக இருந்தது, வெறும் பயம்.

"இப்ப நான் சந்தோஷப்படணுமா, அழணுமா? சொல்லிடு" என்றார் கணவர்.

"ரெண்டும்தாங்க" என்றார் அவர். "மொதல்ல அழுதுடறேன். அப்புறம் கட்டுரையை அனுப்பணும்."